அடித்தார்கள், ஆனால் வெளியிடவில்லை

(மயிலாப்பூரில் நாணய ஆர்வலர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு மாதிரி நாணயங்கள். நம் வட்டத்தில் பேட்டர்ன், டிரையல் என்றுதான் பேசிக்கொள்கிறோம். இன்று புதிதாக வந்திருப்பவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பழையவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் அரசு புதுக் காசு வெளியிட நினைக்கிறது. ஓவியர் வரைகிறார், அச்சு வெட்டுகிறார்கள், அக்கசாலையில் கொஞ்சம் காசு அடித்து மேலிடத்துக்கு அனுப்புகிறார்கள். மேலிடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், மற்றவற்றைத் தள்ளும். சில சமயம் எல்லாவற்றையுமே தள்ளிவிடும். இப்படி ஒப்புதலுக்காக அடித்தது பேட்டர்ன். அச்சு சரியாகப் பதிகிறதா, எவ்வளவு அழுத்தம் வேண்டும், இந்த உலோகம் விளிம்பில் வெடிக்காமல் தாங்குமா என்று தொழிற்கூடத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்வதற்காக அடித்தது டிரையல். ஈயத்திலோ தகரத்திலோ ஒரு பக்கம் மட்டும் அடித்த துண்டுகள்கூட இதில் அடக்கம். தி.நகர் உஸ்மான் சாலையில் கல்யாணப் புடவை எடுக்கப் போனால் கடைக்காரர் நாற்பது புடவையை விரித்துப் போடுகிறார். நாம் எடுப்பது ஒன்று. பேட்டர்ன் சேகரிப்பவன் மடித்து உள்ளே வைத்த மற்ற முப்பத்தொன்பதைத் தேடி அலைகிறவன். பைத்தியக்காரத்தனம் என்று வீட்டில் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காசு பேட்டர்னா இல்லையா என்பதை அந்தக் காசு சொல்லாது. அதைப் பற்றி எழுதிய காகிதம்தான் சொல்லும். பேட்டர்ன் சேகரிக்க விரும்புகிறவர் பூதக்கண்ணாடி வாங்குவதற்கு முன் நூலகத்தில் உறுப்பினராக வேண்டும். ஏன் என்பதைச் சில கதைகள் வழியாகச் சொல்கிறேன்.

உலகம் முழுக்கத் தெரிந்த கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் எட்டாம் எட்வர்ட் 1936 ஜனவரியில் அரியணை ஏறினார், அதே ஆண்டு டிசம்பரில் முடி துறந்தார். அவருக்காகத் தயாரான காசுகளில் 1937 என்று ஆண்டு போட்டிருந்தது. எதுவும் புழக்கத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு மன்னரும் முந்தியவருக்கு எதிர்த் திசையில் முகம் காட்டுவது அங்கே மரபு. எட்வர்ட், என் இடப்பக்கம்தான் அழகு, அதைத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்து அந்த மரபையும் மீறினார். இதில் எனக்குப் பிடித்தது பன்னிரண்டு பக்கப் பித்தளை மூன்று பென்னி. அப்போது அது புது வடிவம். காசு போட்டால் சரக்கு தள்ளும் இயந்திரங்கள் அதை ஏற்றுக்கொள்ளுமா என்று பார்க்க, அந்த இயந்திரங்களைச் செய்பவர்களிடம் சில காசுகளைக் கொடுத்தார்கள். கொடுத்ததில் சில திரும்பி வரவில்லை. இன்று வெளியில் இருக்கும் எட்வர்ட் மூன்று பென்னிகள் அப்படித் திரும்பாதவை. ஒரு டிரையல் எப்படி அக்கசாலையை விட்டு வெளியே போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரலாறு கிடைப்பது அரிது. இன்னொரு வேடிக்கை: லண்டனில் வெளிவராத அந்த மன்னரின் பெயர் நம் நாட்டில் கட்ச் சமஸ்தானத்தின் கோரி நாணயங்களில் வந்துவிட்டது. பேட்டர்ன் கிடையாது, முறையாகப் புழங்கிய காசு!

இனி நம் ஊருக்கு வருவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அக்கசாலை கோட்டைக்குள்ளேதான் தொடங்கியது. சிந்தாதிரிப்பேட்டையிலும் ஒரு காலத்தில் காசு அடித்தார்கள். 1807 வாக்கில் வடக்கே கறுப்பர் நகரத்தில், வெடிமருந்து செய்த இடத்துக்கு அக்கசாலையை மாற்றினார்கள். தங்கசாலைத் தெரு அந்தப் பெயரோடு இன்னும் இருக்கிறது. 1869இல் அக்கசாலை மூடப்பட்டது. பிறகு அந்த வளாகத்துக்கு அரசு அச்சகம் வந்தது. காசு அச்சிட்ட இடத்தில் காகிதம் அச்சிட்டார்கள். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1807இல் அங்கே தொடங்கிய வெள்ளி நாணயங்களைப் பார்த்திருப்பீர்கள். கால் வராகன், அரை வராகன். ஒரு பக்கம் கோபுரம், இருபுறமும் நட்சத்திரங்கள். மறுபக்கம் விஷ்ணு, சுற்றிலும் புள்ளிகள். காசின் மதிப்பு ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்று நான்கு மொழிகளில். சில அரை வராகன்களைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் ஸ்பானிய டாலரின் பழைய எழுத்து தெரியும். வந்த வெள்ளிக் காசின் மேலேயே அடித்திருக்கிறார்கள். அந்தக் கோபுரம் கபாலி கோயில் கோபுரம்தான் என்று மயிலாப்பூரில் சிலர் சத்தியம் செய்வார்கள். இன்று நாம் பார்க்கும் கிழக்குக் கோபுரம் 1906இல் எழுந்தது, காசுக்கு நூறு வயது இளையது. போதாததற்கு மறுபக்கத்தில் இருப்பவர் பெருமாள். திருவல்லிக்கேணிக்காரர்கள் வழக்குப் போட்டால் நமக்குத் தோல்விதான்.

இந்தக் காசுகளுக்குக் கொஞ்சம் முன்னால், 1803இல், சென்னைக்கான செப்புக் காசுகளைக் கம்பெனி பர்மிங்காமில் அடித்து வாங்கியது. மாத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலை. நீராவியால் காசு அடித்த முன்னோடி அவர். 20 காசு, 10 காசு, 5 காசு, 1 காசு. இந்த 20 காசு நம் பழைய பெட்டிகளில் இன்னும் கிடைக்கிறது, கம்பெனியின் சிங்கம் தேய்ந்து பூனையாகியிருக்கும். போல்டன் நல்ல வியாபாரி. புழக்கத்துக்கு அடித்ததோடு நிற்காமல், பளபளப்பான வில்லைகளில் தனியாகவும் அடித்து, சிலவற்றுக்குத் தங்க முலாம் பூசி, சின்னப் பித்தளைச் சிமிழில் வைத்துப் பெரிய மனிதர்களுக்குக் கொடுத்தார். நாம் புரூஃப் என்கிறோமே, அது. அதே அச்சு, அதே செம்பு. ஒன்று கொத்தவால் சாவடிக் கடைக்கு வந்தது, ஒன்று லண்டன் கனவான் மேசைக்குப் போனது.

சென்னைக்கே வந்து சேராதவையும் உண்டு. 1808ஆம் ஆண்டு போட்ட 10 காசு, 20 காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் கிளம்பியது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு நகர்வதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அள்ளினார்கள். அதனால்தான் 1808 காசு இன்று உலகச் சந்தையில் மலிவாக, புதுக்கருக்கு அழியாமல் கிடைக்கிறது. புழக்கத்துக்கே வராத காசு என்று சொல்லி இதை பேட்டர்ன் விலைக்கு விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். புழக்கத்துக்காக அடித்தது கடலில் விழுந்தால் அது பேட்டர்ன் ஆகிவிடாது. அடித்தவனின் நோக்கம்தான் கணக்கு.

அந்த நோக்கத்தைக் குழப்பியவர் ஒருவர் உண்டு. போல்டன் குடும்பத்தின் அக்கசாலை மூடி விற்பனைக்கு வந்தபோது, பழைய அச்சுகளை லண்டனில் டெய்லர் என்ற அச்சு வெட்டுபவர் பழைய இரும்பாக வாங்கினார். வாங்கியவர் உருக்கவில்லை. துருவைத் தேய்த்து, அச்சுகளை இஷ்டப்படி ஜோடி சேர்த்து, பல பத்தாண்டுகளுக்கு மறுபடி மறுபடி அடித்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்றார். ஒரு காசின் தலையும் வேறொரு காசின் பூவும் சேர்ந்த கலப்பினங்கள், வேற்று உலோகத்தில் அடித்தவை, எல்லாம் அவர் கைவண்ணம். சோஹோ பேட்டர்ன் என்று பட்டியலில் வருவதில் எது போல்டன், எது டெய்லர் என்று பிரிப்பதே தனிப் படிப்பு. அச்சில் துரு அரித்த குழிகள் காசில் சின்னச் சின்ன மேடுகளாக எழும்பியிருக்கும். அதைப் பார்த்தால் கொஞ்சம் உஷாராகலாம்.

வெளிநாட்டானை மட்டும் சொல்வானேன். கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகளே பழைய அச்சுகளைப் பாதுகாத்து, கேட்டவர்களுக்கு மறுபடி அடித்துக் கொடுத்தன. 1970 வாக்கில்தான் இந்த வழக்கம் நின்றது. 1835 ஆண்டு போட்ட இரட்டை மொகர், சிங்கமும் பனைபோன்ற மரமும் உள்ள அந்த அழகான தங்கக் காசு, ஏலங்களில் வருவதில் கணிசமானவை பின்னாளில் அடித்தவை. அவை போலி கிடையாது, அரசே அடித்தது. ஆனால் நான்காம் வில்லியம் காலத்தவையும் கிடையாது. பிரிட்மோர் எழுதிய இந்திய நாணயப் பட்டியலில் மூலமும் மறு அடிப்பும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பட்டியல் எண் இல்லாமல் பேட்டர்ன் விலை பேசுகிறவரிடம் நான் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

1835 என்றதும் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. அந்த ஆண்டுதான் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. அதற்கு முந்திய வருடமே கல்கத்தா அக்கசாலையில் மாதிரிகள் அடித்துப் பார்த்தார்கள். 1834 ஆண்டு பொறித்த பேட்டர்ன் ரூபாய்கள் உண்டு. அங்கே அப்போது உலோகத் தரம் பார்க்கும் பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப், பின்னாளில் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியவர். ஒரே ரூபாய்க்கு எந்த எடை எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? 180 கிரெய்ன், பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. 1818இல் வராகனைக் கைவிட்டு ரூபாய்க்கு மாறியபோது சென்னை எடுத்துக்கொண்ட அதே அளவு. நாடு முழுக்கப் புழங்கிய ரூபாயின் எடையும் தரமும் பதினேழு ஆண்டு சென்னையில் புழங்கிப் பார்த்தவை. அளவு நம்முடையது, ஆனால் எழுத்து போய்விட்டது. 1807 காசில் இருந்த தமிழ் 1835 ரூபாயில் இல்லை. பிற்பாடு நிக்கல் கலந்த ஓரணாவில் உருது, இந்தி, வங்காளம், தெலுங்கு நான்கும் இருந்தன, தமிழ் இல்லை. 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருந்தது. என் வயதுக்காரர்கள் பலர் அதைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறோம்.

சரி, மேலிடம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகும் தப்பு நடக்குமா? நடந்திருக்கிறது. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வெளிவந்தது. மன்னர் மார்பில் அணிந்திருந்த விருதுச் சங்கிலியில் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டது. பார்த்த ஜனங்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் கொதித்தார்கள். 94 லட்சம் ரூபாய் அடித்ததில் 7 லட்சம் வெளியே போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டு, யானையைத் திருத்தி 1912இல் புதிதாக வெளியிட்டார்கள். எத்தனை அதிகாரிகள் மேசையில் அந்தக் காசு உருண்டிருக்கும், ஒருவர் கண்ணிலும் பன்றி படவில்லை! கடைத்தெருவில் முதல் நாளே பட்டுவிட்டது. அந்த 1911 ரூபாயை நான் பேட்டர்ன் வரிசைக்குப் பக்கத்திலேயே வைப்பேன். அதிகாரபூர்வமாகப் புழங்கிய காசுதான், ஆனால் ஒரு மாதிரி செய்ய வேண்டிய வேலையை அது செய்தது.

இன்றைக்கும் ஜனங்கள்தான் கடைசித் தேர்வாளர்கள். பத்து ரூபாய்க் காசை நம் ஊரில் கண்டக்டரும் காய்கறிக்காரரும் வாங்க மறுத்தது நினைவிருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது, எது நல்லதோ என்ற பயம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. அதே பத்து ரூபாயில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இரு உலோகம் சேர்ந்த முதல் பத்து ரூபாயில் 2005 என்று ஆண்டு போட்டிருக்கும்; வெளியே வந்தது 2009இல். இடையில் திட்டத்தைக் கைவிட்டிருந்தால் அந்தக் காசின் கதி என்ன? ஒரு கையெழுத்து விழாமல் போயிருந்தால் ஏலப் பட்டியல்களில் அது அரிய காசாக வலம் வந்திருக்கும். இப்போது டீக்கடைக் கல்லாவில் கிடக்கிறது.

2007 முதல் வந்த முத்திரைக் காசுகளையும் சொல்ல வேண்டும். ஐம்பது பைசாவில் மூடிய முஷ்டி, ஒரு ரூபாயில் கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். நாட்டிய முத்திரை என்றார்கள். சபா சபாவாகப் பரதம் பார்க்கும் இந்த ஊரில் அதைப் பார்த்தவர்கள், அந்தக் கை யாருடையது, அடவு சுத்தமாக இல்லையே என்று குறை சொன்னார்கள். எண்ணைப் படிக்க முடியாதவருக்கும் காசு புரியட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். 2019இல் வந்த வரிசையில் அது இன்னும் நன்றாக நிறைவேறியது. பார்வையற்றவர்கள் தடவியே இனம் காணும்படி அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் அப்படித்தான் வந்தது.

இனி சந்தைக்கு வருகிறேன். நாணயக் கண்காட்சிகளில் இன்று டிரையல் என்ற சீட்டு ஒட்டி விற்பதில் பெரும்பகுதி டிரையல் கிடையாது. ஒரு பக்கம் பதியாத காசு, மையம் விலகிய காசு, ஒரு ரூபாய் வில்லையில் இரண்டு ரூபாய் அச்சு விழுந்த காசு, இவையெல்லாம் ஆலைப் பிழைகள். அவற்றைச் சேகரிப்பது நல்ல பொழுதுபோக்கு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் யாரும் யோசித்து அடிக்காததை யோசித்து அடித்தது என்று விற்பது வேறு. அதற்கும் கீழே ஒரு ரகம் இருக்கிறது: அமிலத்தில் ஊறவைத்து மெலிய வைத்தது, ஒரு பக்கத்தைத் தேய்த்து மழித்தது, மேலே செம்பு முலாம் பூசி வேற்று உலோக டிரையல் என்பது. கடைசி ரகத்துக்கு மருந்து சுலபம். 1988 முதல் நம் சில்லறைகளில் வந்த எஃகு காந்தத்தில் ஒட்டும். செம்பு டிரையல் காந்தத்தில் ஒட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

தி.நகர் நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் கேரட் மீட்டர் இருக்கிறது. தெரிந்த கடையாக இருந்தால் காசையும் வைத்துக் காட்டுவார்கள். பயன்தான், ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் கெட்டியாக இருந்தால் ஏமாறும். ஒரு நல்ல தராசும் ஒரு தம்ளர் தண்ணீரும் அதைவிட நேர்மையானவை. காற்றில் எடை, தண்ணீரில் எடை, கழித்து வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். செம்பு 8.9, வெள்ளி 10.5, தங்கம் 19.3. இதில் தேறினாலும் உலோகம் சரி என்று மட்டும்தான் அர்த்தம்.

மீதியைக் காகிதம் சொல்ல வேண்டும். இங்கேதான் சென்னைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். எழும்பூரில் அரை மணி நடையில் இரண்டு இடங்கள். ஒன்று அரசு அருங்காட்சியகம். அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியாவில் கம்பெனி அடித்த காசுகளின் வரலாற்றையும் அருங்காட்சியகத்திலுள்ள காசுகளின் பட்டியலையும் சேர்த்து 1890இல் நூலாக்கினார். ஜாதிகள் பற்றிய தொகுதிகளுக்காகவே அவரை எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் இந்தச் சின்னப் புத்தகம்தான் காலத்துக்கு நின்றது. கேப்டன் டஃப்னெல் அதே காலத்தில் தென்னிந்தியக் காசு சேகரிப்பவர்களுக்கென்றே குறிப்புப் புத்தகம் எழுதினார். வால்டர் எலியட் அதற்கும் முன்னால் எழுதியவர். இன்னொரு இடம் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1909இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம். புனித ஜார்ஜ் கோட்டையின் நிர்வாகப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. எத்தனை அடிப்பது, எந்த உலோகம், யார் ஒப்புக்கொண்டார், என்ன காரணத்துக்காகத் தள்ளினார் என்பதெல்லாம் அந்த மாதிரி ஏடுகளில்தான் தேட வேண்டும். நம்மில் ஏலத்துக்கு மும்பை வரை விமானத்தில் போகிறவர்கள் இருக்கிறார்கள். எழும்பூருக்கு அடையாறிலிருந்து பேருந்து இருக்கிறது.

குடியரசுக் காலத்துக் காசுக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. புதுக் காசின் வடிவம், எடை, உலோகம் எல்லாம் இந்திய அரசிதழில் வர வேண்டும். கையிலிருப்பது ஆலைப் பிழையும் இல்லை, அரசிதழிலும் இல்லையென்றால் இரண்டே வாய்ப்பு: உண்மையான டிரையல், அல்லது யாரோ செய்தது. உண்மையானதாகவே இருந்தாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா அக்கசாலைகள் அரசுச் சொத்து. அங்கிருந்து டிரையல் எப்படி வெளியே வந்தது? பிரிட்டிஷ் காலத்தில் அதிகாரிகளுக்குக் கொடுத்தார்கள், பேரப்பிள்ளைகள் விற்றார்கள், அதற்குத் தடயம் இருக்கும். போன வருடம் அடித்ததாகச் சொல்லும் டிரையலுக்கு அப்படித் தடயம் இருக்க முடியாது. வாங்குகிறவர் திருட்டுப் பொருளுக்குப் பணம் கொடுக்கிறார் என்பதுதான் என் எண்ணம். நண்பர்கள் சிலருக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு, இருக்கட்டும்.

சட்டத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைக்குத் தாத்தாவின் காசைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறோமே, அந்த 1911 ரூபாயும் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது. அதேபோல, உங்கள் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று கைப்பேசியில் வருவதை நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

பேசத் தொடங்குமுன் ஒரு அம்மா, மாமனார் விட்டுப்போன தகரப் பெட்டியில் காசுகள் இருக்கின்றன, என்ன செய்வது என்று கேட்டார்கள். அம்மா, பேட்டர்ன் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓட்டைக் காலணாவும் ஜார்ஜ் ரூபாயும் இருக்கும். ஆனால் காசுகளோடு பழைய உறை, ரசீது, கடிதம், கையால் எழுதிய பட்டியல் ஏதாவது கிடந்தால் பத்திரமாகத் தனியே எடுத்து வையுங்கள். எது எந்த உறையில் இருந்ததோ அதிலேயே இருக்கட்டும், கலைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், பச்சை பிடிக்கும். முக்கியமாக, வெள்ளிக்கிழமை விளக்கு துலக்கும்போது கூடவே புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பெட்டியை அப்படியே அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.